பாம்பு தேடப் போன வகுப்பு

என்னைப் பாம்பு கடித்தபோது என்னைச் சுற்றி ஒரு வகுப்பே நின்றுகொண்டிருந்தது. எல்லோரும் பாம்புக்கடி பற்றிய இணையவழிப் படிப்பை முடித்தவர்கள். தேர்வில் தேறி, கைபேசியில் சான்றிதழ் வைத்திருப்பவர்கள். அந்தப் படிப்பை வடிவமைத்தவன் நான். கடிபடுவதற்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் கர்நாடகத்திலேயே கிடையாது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். அந்த நினைப்பு ஏறக்குறைய அரை நிமிடம் நீடித்தது.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். ஐம்பதைத் தாண்டியதுமே ஓய்வு வாங்கிக்கொண்டு, மைசூரின் மதியத் தூக்கத்தைப் பற்றித் தனியாக ஆய்வு செய்துகொண்டிருக்கும் ஆளிடம் கேட்டிருக்கிறார்கள். மென்பொருள், வீடியோ, கேள்வித்தாள் எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்த ஒன்று உண்டு: பதறுவது. வாடிக்கையாளர் கூட்டத்தில் ப்ரொஜெக்டர் அணைந்தால் மற்றவர்கள் ஒயரைப் பார்ப்பார்கள். நான் வாசலைப் பார்ப்பேன். ஆகவே எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

முதலில் எங்கள் குழுத் தலைவி. என்னைவிட வயதில் சிறியவர். பெயர் வேண்டாம், இப்போதும் கடைவீதியில் எதிரே வந்தால் என் முதுகு தானாக நிமிர்கிறது. அவருக்கு ஒரு பழக்கம். நாம் எழுதிக்கொண்டு போகும் கற்றல் இலக்கைப் படித்துவிட்டு, தலையைத் தூக்காமல், "ஆமேலே?" என்பார். கன்னடத்தில் 'அப்புறம்?' அவர் பேசிய மற்றதையெல்லாம் தமிழில் தருகிறேன். இதை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன். தமிழில் சொன்னால் அந்தக் குத்து வராது.

கற்றல் இலக்கு என்றால் வேறொன்றும் இல்லை. இந்தப் படிப்பை முடித்தவர் எதைச் செய்யக்கூடியவராக இருப்பார் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுவது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லா இலக்கையும் 'புரிந்துகொள்வார்' என்று முடிப்பேன். "புரிஞ்சுக்கிட்டார்னு எந்த மூஞ்சியைப் பார்த்துக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக இருக்க வேண்டும். பிரிப்பார், பூட்டுவார், அடையாளம் காட்டுவார், இப்படி. அதை நான் சீக்கிரமே பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்ட வேகத்தில், செயல் கண்ணுக்குத் தெரிந்தால் போதும், இலக்கு நல்ல இலக்குதான் என்று முடிவும் கட்டிவிட்டேன்.

ஹனூர்ப் பக்கத்துத் தமிழ் விவசாயிகளின் கூட்டமைப்பு ஒன்று எங்களிடம் வந்தது. வயலில் வேலை செய்கிறவர்களுக்குப் பாம்புக்கடி பற்றித் தமிழில் ஒரு படிப்பு வேண்டும். கைபேசியிலேயே முடிக்கிற மாதிரி, மழைக்கு முன்னால் கைக்கு வர வேண்டும். தமிழ் என்றதும் என்னிடம் தள்ளினார்கள். நான் எழுதிய இலக்கு இது: 'படிப்பின் முடிவில் கற்பவர், விஷமுள்ள நான்கு பாம்புகளையும் பார்த்த மாத்திரத்தில் சரியாக அடையாளம் காட்டுவார்.'

எவ்வளவு அழகு பாருங்கள். தெளிவு இருக்கிறது, அளவிட முடிகிறது, கண்ணுக்கும் தெரிகிறது. தலைவியிடம் நீட்டினேன்.

"ஆமேலே?"

"ஆமேலே என்ன மேடம், சர்ட்டிஃபிகேட்தான்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் அன்று அவருக்கு வேறு இரண்டு கூட்டங்கள் இருந்தன, அதனால் விட்டுவிட்டார். கூட்டமைப்புக்காரர்கள் பாம்புப் படங்களைப் பார்த்துச் சொக்கிப்போயிருந்தார்கள். எங்கள் ஓவியர் திவ்யா வரைந்தவை அவை. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கன்னடத்தில் சண்டை போடுவாள், தமிழில் மன்னிப்புக் கேட்பாள். அவள் வரைந்த நாகம் திரையைத் தொட்டால் படமெடுக்கும். கண்ணாடி விரியனை விரலால் திருப்பினால் முதுகுச் சங்கிலி முழுக்கத் தெரியும். கட்டுவிரியனுக்கு வெள்ளைப் பட்டை, சுருட்டை விரியனுக்கு உடம்பை உரசுகிற சத்தம்கூட உண்டு. பார்த்துவிட்டு நானே ஒரு வாரம் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தேன்.

ஒரு மருத்துவர் எல்லாவற்றையும் படித்துப் பார்த்தார். தகவலில் பிழை ஒன்றும் இல்லை. 'உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும்' என்று கடைசிப் பாடத்தில் நான் எழுதியும் இருந்தேன். பின்னணிக் குரலும் என்னுடையதே. பஞ்சு வைத்த மாதிரி ஒரு குரலில், "பதறாதீர்கள். முதலில் பாம்பின் தலையைக் கவனியுங்கள்" என்று ஆரம்பிப்பேன். தேர்வுக் கேள்விகள் மொத்தமும் பாம்புகளைப் பற்றியவை. இலக்கே அதுதானே?

அங்கே மார்டள்ளி என்ற ஊரில் ஒரு குழுவுக்கு முதலில் கொடுத்துப் பார்த்தோம். எல்லோரும் தேறினார்கள். பலர் முழு மதிப்பெண். நான் அலுவலகத்தில் மைசூர்ப்பாகு கொடுத்தேன். தலைவி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: "கேள்விக்குப் பதில் சொல்றாங்க, சரி. கடிபட்ட ஆளை எதிர்ல பார்த்தா என்ன செய்யறாங்க? போய்ப் பார்த்துட்டு வாங்க. அதுக்கு அப்புறம் எல்லாருக்கும் அனுப்பலாம்."

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒத்திகை என்றால் நடிப்பு இருக்கும். நடிப்பு என்றால் நான் இருப்பேன். தசரா பொருட்காட்சியில் எப்போதோ வாங்கிய ரப்பர் பாம்பைப் பையில் போட்டுக்கொண்டேன். மைசூர் மண்டி மொஹல்லாவிலிருந்து ரஃபீக் வாடகைக் கார் கொண்டுவந்தார். எங்கள் அலுவலக வேலைக்கு அடிக்கடி வருகிறவர். கொள்ளேகால் தாண்டும் வரை என்னிடம் ரப்பர் பாம்பைக் காட்டச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார். ஊர் வந்ததும் வேப்பமரத்து நிழலில் காரை விட்டு, இருக்கையைச் சாய்த்து, முகத்தில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டார். எங்கள் படிப்பை அவர் பார்த்ததே இல்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

மக்காச்சோளம் அறுத்து முடிந்த வயல். காய்ந்த தண்டுகளை, அவர்கள் பேச்சில் தட்டுகளை, குவித்துப் போட்டிருந்தார்கள். களை எடுக்கும் பெண்கள் குழுவுக்குத் தலைவி சரசு. படிப்புக்கு ஆள் சேர்த்ததும் அவர்தான். டிராக்டர் ஓட்டும் மாதேஷ் முழு மதிப்பெண் வாங்கியவன். அதைக் கைபேசியில் முகப்புப் படமாகவே வைத்திருந்தான்.

திட்டத்தை விளக்கினேன். ரப்பர் பாம்பு ஒரு புதரில் இருக்கும். நான் தட்டுக் குவியலில் உட்கார்ந்து "ஐயோ, பாம்பு" என்று கத்துவேன். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"நாங்க பாத்துக்கறமுங்க சார்," என்றான் மாதேஷ். "நீங்க நல்லாக் கத்துனாப் போதுமுங்க."

கத்தினேன். ஓடி வந்தார்கள். வந்தவர்கள் என்னைத் தாண்டி ஓடினார்கள்.

புதரைச் சுற்றி வட்டம் கட்டிவிட்டார்கள். ஒருவர் குச்சியால் கிளறினார், ஒருவர் கைபேசியில் வீடியோ எடுத்தார். கொஞ்ச நேரத்தில் மாதேஷ் ரப்பர் பாம்பின் வாலைப் பிடித்துத் தூக்கினான்.

"பட்டை இருக்குதுங்க. கட்டுவிரியன்!"

"கட்டுவிரியனுக்கு இம்புட்டுத் தலையா? நல்லாப் பாரப்பா," என்றார் சரசு.

"அக்கா, நான் முழு மார்க்குங்க."

"மார்க்கு கெடக்குது. பாம்புக்கு அடியில எதோ எழுதியிருக்குது பாரு, கம்பெனிப் பேராட்டம்."

எல்லோரும் சிரித்தார்கள். குவியலில் கிடந்த என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு பக்கம் வேடிக்கையாகவும் இன்னொரு பக்கம் ஏதோ தப்பாகவும் பட்டது. இவர்கள் என் இலக்கை அடைந்துவிட்டார்கள். அடையாளம் காட்டுகிறார்கள். நான் எழுதியது அதைத்தானே? அப்படியானால் இதில் என்ன தப்பு? இதை யோசித்தபடியே வலது காலை நீட்டி வசதியாகச் சாய்ந்தேன்.

கணுக்காலில் சுருக்கென்றது.

காலை இழுத்தேன். தட்டுகளுக்கு அடியில் கயிறு ஒன்று தானாக உள்ளே போவது போல ஒரு அசைவு. கணுக்காலில் இரண்டு ரத்தப் பொட்டுகள்.

"கடிச்சிருச்சு! ஏய், கடிச்சிருச்சு!"

"நல்லாக் கத்துறாருங்க சார்," என்றார் யாரோ. "மொதத் தடவையை விட இது ரொம்ப நல்லா இருக்குதுங்க."

"நிஜமாவே கடிச்சிருச்சுப்பா! நிஜப் பாம்பு!"

மாதேஷ் ரப்பர் பாம்பைத் தூக்கிக் காட்டினான். "சார், இது ரப்பருங்க. வெசமில்லைங்க. பதறாதீங்க."

இரண்டாவது தடவை நான் கத்திய விதத்தில் நடிப்பு இல்லை என்று சரசுவுக்குத்தான் முதலில் உறைத்தது. வந்து காலைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "டேய், நெசமாத்தான்டா!" என்றார்.

அவ்வளவுதான், வகுப்பு முழுக்கப் பரபரவென்று வேலையில் இறங்கியது. என்ன வேலை? தட்டுக் குவியலைப் பிரிக்கிற வேலை. இம்முறை இன்னும் பொறுப்பாக, இன்னும் அக்கறையாக. என் மேல் அவர்களுக்கு இருந்த பிரியமெல்லாம் அந்தப் பாம்பைக் கண்டுபிடிப்பதில் தெரிந்தது.

"பாம்பை விடுங்கப்பா! வண்டியைக் கூப்பிடுங்க!"

"இருங்க சார், என்ன பாம்புன்னு தெரியாம எப்பிடிங்க போறது? நீங்கதானுங்களே சொன்னீங்க!"

மாதேஷ் நிரூபித்தும் காட்டினான். கைபேசியை எடுத்து என் பக்கத்தில் வைத்து ஓடவிட்டான். பஞ்சு வைத்த அந்தக் குரல் எழுந்தது: "பதறாதீர்கள். முதலில் பாம்பின் தலையைக் கவனியுங்கள்."

உயிர் போகிற நேரத்தில் கேட்கிற கடைசிக் குரல் நம்முடையதாகவே இருப்பது எவ்வளவு எரிச்சல் என்று உங்களுக்குச் சொல்லி விளக்க முடியாது. எழுந்து ஓடலாம் என்றால், கடிபட்டவர் நடக்கக்கூடாது, காலை அசைக்கக்கூடாது என்று நானே எழுதியிருக்கிறேன். என் படிப்பில் நான் மட்டும் கடைப்பிடித்த ஒரே விஷயம் அது. கிடந்த இடத்திலேயே கிடந்து, தொண்டை போகிற மாதிரி, "ரஃபீக்!" என்று கத்தினேன்.

ரஃபீக் கைக்குட்டை ஒரு தோளில் தொங்க ஓடி வந்தார்.

"ஏனு ஆயித்து சார், என்ன ஆச்சு?"

"பாம்பு."

என்ன பாம்பு என்று அவர் கேட்கவில்லை. நாலு பாம்பு இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. "அக்கா, நீ காலைப் புடி, ஆடாம புடி. நான் தோளைப் புடிக்கிறேன். வண்டில ஹாக்கு, ஏத்து. பேச்செல்லாம் ஆமேலே," என்றார். சரசு என் காலைப் பிடித்தார். பின்னிருக்கையில் படுக்கவைத்தார்கள். சரசுவும் ஏறிக்கொண்டு, என் காலைத் தன் துண்டால் தட்டுக் குச்சியோடு லேசாகச் சேர்த்துக் கட்டி, அசையாமல் பிடித்துக்கொண்டார். கார் கிளம்பியது. அந்த இடத்தில் எங்கள் படிப்பைப் படிக்காத ஒரே ஆளால் நான் நகர ஆரம்பித்தேன்.

தார் ரோட்டுக்கு வந்ததும் ரஃபீக் பிரேக் போட்டார்.

"யாவ ஆஸ்பத்திரி சார்? லெஃப்டா, ரைட்டா?"

நான் தலையைத் தூக்கி இரண்டு பக்கமும் பார்த்தேன்.

நாகத்தின் படத்துக்குப் பின்னால் இருக்கும் குறி எப்படி இருக்கும் என்று தெரியும். சுருட்டை எப்படி நகரும் என்று தெரியும். பாம்புக்கடி மருந்து வைத்திருக்கிற ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது. என் படிப்பில் அது இல்லை. சரசுவைப் பார்த்தேன். "பக்கத்துல ஒண்ணு இருக்குதுங்க. அங்க மருந்து இருக்குதா என்னன்னு தெரியலைங்களே," என்றார். அவரும் முழு மதிப்பெண்தான்.

தலைவிக்குப் போன் செய்தேன்.

"மேடம், என்னைப் பாம்பு கடிச்சிருச்சு."

"ஆமேலே?" என்றார், பழக்க தோஷத்தில். பிறகு குரல் மாறி, "என்னது?"

"ஆமேலேதான் மேடம் தெரியலை. ரோட்டுல நிக்கறோம். எந்த ஆஸ்பத்திரின்னு தெரியலை."

சொன்னபோதே, இலக்கைப் பார்த்துவிட்டு அன்று அவர் கேட்டது இதைத்தான் என்று எனக்கு உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். "கொள்ளேகால் பக்கமா ஓட்டச் சொல்லுங்க. ஓடிக்கிட்டே இருங்க. நான் கூப்பிடறேன்," என்று வைத்தார். கார் திரும்பியது. நாங்கள் போய்க்கொண்டிருக்கும்போதே அவர் யார் யாரையோ பிடித்து, மருந்து கையிருப்பில் இருக்கிற ஆஸ்பத்திரியைக் கேட்டறிந்து, நாங்கள் வருவதையும் சொல்லிவைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்.

அந்தப் பயணத்தில் நான் செய்தவற்றை முழுதாகச் சொன்னால் என் மேல் உங்களுக்கு இருக்கிற கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும், ஆனாலும் சொல்கிறேன். காலில் கடித்ததற்குக் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றினேன். விஷம் ஏறினால் கண்ணிமை தொங்கும் என்று படித்திருந்ததால், கைபேசியின் முன்பக்கக் கேமராவில் என் இமைகளைப் படமெடுத்துக்கொண்டே வந்தேன். சாதாரணமாக என் இமை எவ்வளவு தூரம் திறந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதே. ஒவ்வொரு படத்திலும் தூங்கி எழுந்தவன் மாதிரிதான் இருந்தேன்.

"ஏனுங் சார், இந்நேரத்துல போட்டோ எதுக்குங்க?" என்றார் சரசு.

"இமை தொங்குதான்னு பாருங்கம்மா."

அவர் குனிந்து பார்த்தார். "காத்தால வந்தப்பவே அப்பிடித்தானுங்க இருந்துது."

முன்னாலிருந்து ரஃபீக் சிரித்துவிட்டு, "மன்னிச்சிரு சார்," என்றார். எனக்குக்கூடச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போது உதடு சரியாக அசைகிறதா என்று அதையும் ஒரு படம் எடுத்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு நின்றிருந்தார்கள். இளம் மருத்துவர். நான் படுத்தபடியே பாடம் எடுக்க ஆரம்பித்தேன். "டாக்டர், வால் மட்டும்தான் பார்த்தேன். நகர்ந்த விதத்தை வச்சுச் சொன்னா சுருட்டையா இருக்கலாம், ஆனா..."

"எந்தப் பாம்புன்னு நீங்க சொல்ல வேண்டாம். எப்பக் கடிச்சது?"

நான் கடிகாரம் இல்லாத மணிக்கட்டைப் பார்த்தேன்.

"சோறு தின்னு கொஞ்ச நேரமிருக்குமுங்க," என்றார் சரசு.

மருத்துவர் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து அசைக்காமல் நிறுத்திவைத்தார். உறைகிறதா என்று பார்க்க வேண்டுமாம். அந்தக் குழாயைப் பார்த்தபடி நான் படுத்திருந்தேன். வாழ்நாளில் எந்தத் தேர்வு முடிவுக்காகவும் அப்படிக் காத்திருந்தது கிடையாது. உறைந்தது. ஆனாலும் போக விடவில்லை. மறுநாள் வரை வைத்துப் பார்ப்போம் என்றார்கள்.

"நாலு பாம்புக்கும் நாம கொடுக்கிறது ஒரே மருந்து சார்," என்றார் மருத்துவர், எனக்கு ஆறுதலாக. "உடம்பு என்ன காட்டுதுன்னு பார்த்துதான் கொடுப்போம். பாம்பு யாருன்னு விசாரிச்சுக்கிட்டு நேரத்தைப் போக்காம வந்துட்டீங்க, அதுதான் முக்கியம்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரே மருந்து என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். மூன்றாம் பாடத்தில் ஒரு பெட்டிக்குள் 'உங்களுக்குத் தெரியுமா?' என்று போட்டிருந்தேன்.

சாயங்காலம் டிராக்டரில் வகுப்பு வந்து இறங்கியது. மாதேஷ் முகமெல்லாம் பூரிப்பு.

"சார், கண்டுபுடிச்சுப்போட்டமுங்க! அங்க மூணு பாம்பு இருந்துதுங்க. எது உங்களதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

படங்களைக் காட்டினான். முதலாவது சாரைப்பாம்பு. இரண்டாவது என்னவென்று எனக்கே தெரியவில்லை. மூன்றாவது படத்தில், விலக்கிய தட்டுகளுக்கு நடுவே, சுருண்டு படுத்த கண்ணாடி விரியன். சங்கிலி சங்கிலியாக முதுகு. திவ்யா வரைந்ததைப் போலவே இருந்தது. படத்தின் ஓரத்தில், அதிலிருந்து ஒரு கை நீளத்துக்குள், செருப்பில்லாத ஒரு கால்.

"யார் கால் இது?"

"என்னதுங்க," என்றான் மாதேஷ். "கிட்டப் போனாத்தானுங்க சங்கிலி தெளிவாத் தெரியும்? நீங்க சொன்னாப்லயே இருந்துதுங்க."

அன்று காரில் பட்டதெல்லாம் பயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்குக் கடிபட்டதற்கு நான் காரணமில்லை. அந்தக் காலைப் பாம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது நான் எழுதிய ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் அடுத்த வாரம் தாலுகா முழுக்கப் போக இருந்தது.

மறுநாள் மதியம் விடுவித்தார்கள். விஷமில்லாத பாம்பாக இருக்கலாம், விஷப்பாம்பு விஷம் இறக்காமல் கடித்ததாகவும் இருக்கலாம், சொல்ல முடியாது என்றார் மருத்துவர். எனக்கு எதுவென்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. வீட்டுக்குப் போயும் மாதேஷின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிழைத்தவனுக்கே இவ்வளவு குறுகுறுப்பு என்றால், பக்கத்தில் நிற்கிறவனுக்கு எப்படி இருக்கும்? பாம்பு என்றாலே மனிதனுக்குப் பார்க்க வேண்டும். அந்த ஆசையை அடக்க வேண்டிய படிப்பில், நான் அதற்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஒரு வரி எழுதினேன். அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எதைக் கேட்டேனோ அதைத்தான் அவர்கள் வயலில் செய்தார்கள். அவர்கள் நல்ல மாணவர்கள்.

அலுவலகத்தில் கூட்டம். மழை நெருங்குகிறது. அனுப்பினால் தப்பான படிப்பு போகும். நிறுத்தினால் ஒன்றுமே போகாது. கூட்டமைப்புக்காரர் போனில் குதித்தார். நான் வழக்கம்போல வாசலைப் பார்த்தேன். தலைவி மட்டும் நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்: "இன்னைக்கு ஒருத்தரைப் பாம்பு கடிச்சா, அவங்க செய்ய வேண்டியது என்ன? அதை மட்டும் இப்பச் சொல்லுங்க."

அன்றே சின்னதாக ஒரு ஒலிப்பதிவு மட்டும் போயிற்று. பாம்பைத் தேடாதீர்கள், காலை அசைக்கவிடாதீர்கள், உங்கள் ஊருக்கு இந்த ஆஸ்பத்திரி, இப்போதே ஒரு வண்டிக்காரரின் எண்ணைப் போனில் போட்டு வையுங்கள். குரல் என்னுடையதுதான், ஆனால் பஞ்சை எடுத்துவிட்டேன். 'பதறாதீர்கள்' என்பதையும் எடுத்துவிட்டேன். அதைக் கேட்டு இதுவரை பதறாமல் இருந்தவர் யாரும் இல்லை என்பதற்கு நானே சாட்சி. அதற்குப் பதிலாக, "பதறினாலும் பரவாயில்லை, வண்டியைக் கூப்பிடுங்கள்" என்று சொன்னேன்.

படிப்பைத் திரும்ப எழுதினோம். புது இலக்கு: 'கடிபட்டவரைக் கண்டதும், பாம்பைத் தேடாமல், அவரை அசையவிடாமல் படுக்கவைத்து, மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்கு வண்டியைக் கிளப்புவார்.'

"ஆமேலே?"

"ஆமேலே டாக்டர் பாடு மேடம்."

இந்த முறை சிரித்தார்.

திவ்யா சிரிக்கவில்லை. "சார், ஆ நாகத்துக்கு ஒவ்வொரு செதிலா வரைஞ்சிருக்கேன், கொத்தா, தெரியுமா? இப்ப அதைத் தூக்கிப் போடணுமா?" என்று கேட்டவள், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மடிக்கணினியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "இதை ஆடிப் பாருங்க."

புதுத் தேர்வு. திரையில் வயல், ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார். ஒரு மூலையில் கார். இன்னொரு மூலையில் புதர். புதருக்குள் சரசரவென்று சத்தம். மெதுவாக அந்த நாகம் தலையைத் தூக்குகிறது, பாதிதான் தெரிகிறது. கொஞ்சம் தள்ளினால் முழுதாகத் தெரியும் போல. இன்னும் கொஞ்சம்... என் விரல் போய்விட்டது.

திரை கறுத்தது. 'நேரம் போய்விட்டது. மறுபடி முயலவும்.'

"முதல் ஃபெயில் நீங்கதான் சார்," என்றாள் திவ்யா. அவள் கோபம் அத்தோடு தீர்ந்தது.

உங்களில் சிலர் இலக்குகளைக் கணினியிடமே எழுதி வாங்குவதாகக் கேள்விப்பட்டேன். வாங்குங்கள், என்னைவிட அழகாகவே எழுதும். எழுதி முடித்ததும் அதனிடமும் 'ஆமேலே?' என்று கேளுங்கள். அது சொல்கிற பதிலுக்கும் ஒரு தடவை கேளுங்கள். கேட்டுக்கொண்டே போனால், ஏதோ ஒரு இடத்தில் தார் ரோடு வரும். அங்கே லெஃப்டா ரைட்டா என்று தெரிந்தால், நீங்கள் எழுதியது இலக்கு.

அதற்கடுத்த அறுவடை சமயத்தில் ஒரு நாள் சரசு போன் செய்தார். அவர் குழுவில் ஒரு பெண்ணைத் தட்டு அள்ளும்போது பாம்பு கடித்துவிட்டதாம். கேட்டதும் நான் கையிலிருந்த டம்ளரை வைக்க இடம் தேடினேன்.

"இப்ப நல்லாயிருக்குதுங்க சார். மருந்து ஏத்துனாங்க. வீட்டுக்குக் கூட்டியாந்துட்டோம். காலு மட்டும் வீக்கமா இருக்குதுங்க."

"யார் கொண்டுபோனது?"

"மாதேசுதானுங்க வண்டி புடிச்சான். ஒருத்தரு திரும்பிப் பாக்கலைங்க அந்தப் பக்கம். கடிச்ச நேரத்தைக்கூட என்ற கையில பேனாவுல எழுதிக்கிட்டேனுங்க."

நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும், இத்தனை வருட வேலைக்கு இதைவிடப் பெரிய பலன் இல்லை என்கிற மாதிரி ஏதாவது. வாயைத் திறந்தேன். வெளியே வந்தது இதுதான்:

"என்ன பாம்பும்மா அது?"

"ஏனுங் சார்," என்றார் சரசு, வருத்தத்தோடு. "அதைக் கேக்கவே கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"